பிச்சாவரத்தின் ஐம்பத்தோரு திட்டுகள்

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே வங்கக் கடல். இந்த மூன்றுக்கும் நடுவில், கிள்ளையை ஒட்டி, சேறும் வேரும் சேர்ந்து உண்டாக்கிய சிறு தீவுகளின் கூட்டம்தான் பிச்சாவரம். ஆய்வாளர்கள் எண்ணிவைத்த கணக்கில் திட்டுகள் 51. மிகச் சிறியது பத்து சதுர மீட்டர்; ஒரு வீட்டுக் கூடத்தின் அளவு. மிகப் பெரியது இரண்டு சதுர கிலோமீட்டர். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே வாய்க்கால், அந்த வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து இன்னொன்று. மொத்தப் பரப்பில் ஏறக்குறையப் பாதி காடு, ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர், மிச்சம் மணல்மேடும் சேற்றுவெளியும். சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர்.

தீவு என்றதும் வெள்ளை மணலும் தென்னை வரிசையும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இந்தத் தீவுகள் முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். பெரும்பாலான திட்டுகளில் கால்வைத்து இறங்கவே முடியாது. தரை என்று ஒன்று தனியாக இல்லை. வேர் இருக்கும் இடமெல்லாம் தரை, அதுவும் ஒரு நாளில் இரண்டு முறை நீருக்குள் போய் வரும் தரை. படகில் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டிய தீவுகள் இவை.

சுற்றுலாப் பேச்சில் அடிக்கடி அடிபடும் ஒரு தவறை இங்கேயே திருத்திவிடலாம். உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு பிச்சாவரம் என்று சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். அப்படி இல்லை. இந்தியாவும் வங்கதேசமும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் சுந்தரவனம் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். பிச்சாவரம் பதினைந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. தமிழ்நாட்டுக்குள்ளேயே முத்துப்பேட்டை இதைவிடப் பரப்பில் பெரியது. பிச்சாவரத்தின் பெருமை அளவில் இல்லை. இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு நெருக்கமாக, துடுப்புப் படகிலேயே போய்க் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும்படி ஓர் அலையாத்திக் காடு அமைந்திருப்பதுதான் அதன் தனிச்சிறப்பு.

அண்ணாகிராமம் ஒன்றியத்து ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு இது ஒருநாள் பயணம். பண்ருட்டியிலோ மேல்பட்டாம்பாக்கத்திலோ நெல்லிக்குப்பத்திலோ ரயிலேறினால் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று ஒரே தடம். சிதம்பரத்தில் இறங்கி டவுன் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போவதுதான் வசதி. சாலை கடைசியில் வயல்களையும் இறால் குட்டைகளையும் தாண்டி, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் முடிகிறது. அறிஞர் அண்ணா சுற்றுலா வளாகம் என்று அதற்குப் பெயர்.

துடுப்பா, மோட்டாரா?

படகுத்துறையில் முதல் கேள்வி இதுதான். மோட்டார் படகு அகன்ற வாய்க்கால்களில் வேகமாகப் போய், முகத்துவாரம் வரை காட்டிவிட்டுத் திரும்பிவிடும். துடுப்புப் படகு மெதுவாகப் போகும்; ஆனால் குறுகிய கிளைகளுக்குள் நுழையும். நேரம் இருக்கிறவர்கள் துடுப்புப் படகையே எடுக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பறவை பறந்துவிடும், நண்டு வளைக்குள் போய்விடும், காட்டின் சத்தம் காதில் விழாது. காட்டைப் பார்க்க வந்து அதை விரட்டிக்கொண்டே போவதற்கு மோட்டார் படகு.

துறையை விட்டு நீங்கியதும் விரிந்த நீர்ப்பரப்பு. வெயில் நேராக அடிக்கும். சற்று தூரம் போனபின் படகுக்காரர் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு இடுக்கைப் பார்த்துத் திருப்புவார். வெளியிலிருந்து பார்த்தால் அங்கே வழி இருப்பதே தெரியாது. உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கத்துக் கிளைகளும் தலைக்கு மேலே கூடிக் கூரை போட்டுவிடும். வெளிச்சம் பச்சையாகிவிடும், சூடு குறையும். துடுப்பை வீச இடம் போதாத இடங்களில் படகுக்காரர் வேரைக் கையால் பற்றித் தள்ளியே படகை நகர்த்துவார். உட்கார்ந்திருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். வாய்க்கால்களின் ஆழம் பெரும்பாலும் முழங்கால் அளவிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வரைதான். என்றாலும் அடியில் இருப்பது கால் புதையும் களிச்சேறு. உயிர்காப்பு அங்கியைக் கழற்றுவது புத்திசாலித்தனம் ஆகாது.

எப்போது போவது என்பதைக் கடிகாரத்தைவிடக் கடல்தான் தீர்மானிக்கிறது. கடல்நீர் சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறி, திரும்ப வற்றுகிறது. இந்த ஏற்றவற்றம் நாளொன்றுக்கு இரண்டு சுற்று. நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் இவ்வளவு ஆழமில்லாத வாய்க்காலில் அந்த ஒரு மீட்டரே எல்லாவற்றையும் மாற்றிவிடும். நீர் வற்றியிருக்கும்போது வேர்கள் முழுதாக வெளியே தெரியும், சேற்றில் உயிர்கள் நடமாடும், ஆனால் சின்ன வாய்க்கால்களில் படகு தரைதட்டும். நீர் நிறைந்திருக்கும்போது எங்கும் போகலாம், ஆனால் பார்க்க வேண்டியதில் பாதி நீருக்கடியில். நீர் வற்றி முடித்து மறுபடி ஏறத் தொடங்கும் நேரம் காலை வேளையில் வாய்த்தால், அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மரங்கள்

பிச்சாவரத்தில் அலையாத்தி வகை மரங்கள் பத்துக்கு மேல் உண்டு. சுற்றிப்பார்க்க வருகிறவர் மூன்றை அடையாளம் கண்டுகொண்டால் போதும். மற்றவை தானாகக் கண்ணில் படும்.

முதலாவது சுரபுன்னை. வாய்க்கால் ஓரம் முழுக்க நிற்பது இதுதான். அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கும் வேர்கள் மரத்தை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கும். பல கால்கள் ஊன்றி மரம் நடக்கப் புறப்பட்டது போல. இந்த வேர்கள் உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிட்டு நீரை மட்டும் உறிஞ்சுகின்றன. சுரபுன்னையில் இன்னொன்றையும் படகை நிறுத்திப் பார்க்க வேண்டும். கிளையில் முருங்கைக்காய் போலப் பச்சையாக நீண்டு தொங்குவது காய் இல்லை, நாற்று. விதை மரத்திலிருந்து விழுந்து முளைப்பதற்கு இங்கே அவகாசம் இல்லை, உப்புச் சேறு அதைக் கொன்றுவிடும். அதனால் தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, ஒரு முழத்துக்கும் அதிகமாக வளர்ந்து, கூர்முனை கீழாகத் தொங்குகிறது. வற்றத்தில் விழுந்தால் ஈட்டிபோலச் சேற்றில் குத்தி நின்று, அங்கேயே வேர்விடும். ஏற்றத்தில் விழுந்தால் மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்கும். ஒரு திட்டு அடுத்த திட்டை உண்டாக்குவது இப்படித்தான்.

சுரபுன்னையில் இந்த ஊரில் கண்டறியப்பட்ட ஒரு வகையும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் அறிஞர் க. கதிரேசன் 1995இல் அதைப் புதிய இனமாக விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்தார். பின்னால் நடந்த மரபியல் ஆய்வுகள் அதை இரண்டு சுரபுன்னை இனங்களின் கலப்பு என்று காட்டின. கலப்பானாலும் மரம் மரம்தான், பெயரும் நிலைத்துவிட்டது.

இரண்டாவது வெண்கண்டல். எண்ணிக்கையில் இந்தக் காட்டில் இதுதான் அதிகம். இதற்குத் தாங்குவேர் கிடையாது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கில் மேலே நீட்டிக்கொண்டிருப்பவை இதன் மூச்சுவேர்கள். களிச்சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மூக்கை வெளியே நீட்டிச் சுவாசிக்கிறது. உப்பை வெளியே நிறுத்தும் திறமை இதற்குக் குறைவு; உள்ளே வாங்கி, இலைச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய பிறகு ஓர் இலையைக் கிள்ளாமல், கிளையிலேயே வைத்து விரலால் தடவிப் பார்த்தால் பொடிப்பொடியாக ஒட்டும். அதை நாக்கில் வைத்தால் சமையலறை உப்பேதான். குழந்தைகளைக் கூட்டி வருகிறவர்கள் மறக்காமல் செய்ய வேண்டிய சோதனை.

மூன்றாவது மரத்தை அப்படித் தொடவே கூடாது. அதுதான் தில்லை. உடைத்தால் வரும் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கரையை ஒட்டி, சற்று மேடான பகுதிகளில் நிற்கும். இலை உதிரும் முன் செக்கச் சிவந்துபோகும். பச்சைக் காட்டுக்குள் திடீரென்று ஒரு சிவப்புக் கிளை தெரிந்தால் அது பெரும்பாலும் தில்லையாகத்தான் இருக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம் இதுதான். நடராசர் கோயிலின் தலமரமும் இதுவே. ஒரு காலத்தில் அந்த ஊர்வரை இந்தக் காடு பரவியிருந்தது என்பது தலபுராணத்தின் கூற்று. இன்று சிதம்பரம் நகருக்குள் தில்லை மரத்தைத் தேடினால் கிடைக்காது. தில்லையின் பெயர் ஊரில் தங்கிவிட்டது, மரம் பிச்சாவரத்தில் நிற்கிறது. கோயிலுக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் தலமரத்தைப் பார்க்க இந்தப் பதினைந்து கிலோமீட்டரைக் கடக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

சேற்றில் நடமாட்டம்

நீர் வற்றிய வேளையில் படகைச் சேற்றுக்கரை ஓரம் நிறுத்தி, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு சேறு நகர்வது போலிருக்கும். கட்டைவிரல் நகத்தளவு நண்டுகள் வளையை விட்டு வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிது. அதை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கும், பக்கத்து ஆணை மிரட்டும். அதே சேற்றில் துடுப்பை ஊன்றி ஊன்றித் தவழ்ந்து போகும் ஒரு மீனும் உண்டு. கண் இரண்டும் தலை உச்சியில், தவளைக்கு இருப்பதுபோல. தோல் ஈரமாக இருக்கும்வரை நீருக்கு வெளியே மூச்சு விடத் தெரிந்த சேற்று மீன் அது. படகின் நிழல் பட்டதும் தத்தித் தத்தித் தண்ணீருக்குள் பாயும்.

பறவைகளில் நூற்றெழுபது இனங்களுக்கு மேல் இங்கே பதிவாகியுள்ளன. மீன்கொத்தியும் நீர்க்காகமும் வெண்கொக்கும் எந்நாளும் கண்ணில் படும். நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூட்டமாக இறங்கும் நாட்கள் உண்டு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான் கூட்டங்கள் சேற்றுவெளியில் மேயும். பறவைக்காகவே போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் விடிந்ததும் முதல் படகைப் பிடிக்க வேண்டும். கார்த்திகை மழையும் புயலும் இந்தக் கடற்கரைக்கு வாடிக்கை என்பதால் அந்த மாதத்தில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிப் படகு தண்டனை.

வாய்க்காலின் அகன்ற பகுதிகளில் கழுத்தளவு நீரில் தலை மட்டும் தெரிய, வரிசையாக நகர்ந்துபோகும் மனிதர்களைப் பார்க்க நேரலாம். அவர்கள் இருளர்கள். வலையோ தூண்டிலோ இல்லாமல், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பது அவர்களின் முறை. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்க, அகப்பட்ட இறால் ஒவ்வொன்றும் பறிக்குள் போகும். ஆணும் பெண்ணும் மணிக்கணக்கில் நீரிலேயே இருப்பார்கள். சேற்றில் கிடக்கும் சிப்பி ஓடும் மீன் முள்ளும் விரலைக் கிழிக்கும். சுற்றுலாப் படகிலிருந்து இவர்களை நோக்கிக் கேமராவை நீட்டுவது நாகரிகமில்லை. வேலையில் இருக்கிறவர்கள் அவர்கள். அதே வாய்க்கால்களில் மடவை, கெண்டை, கொடுவா, சேற்று நண்டு எல்லாம் கிடைக்கும். இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தில் வளர்வதற்கு வேர்களுக்கு இடையே உள்ள அடைசல்தான் பாதுகாப்பு. வெளிக்கடலில் மீன் பிடிப்பவரின் வலையில் விழுவதிலும் ஒரு பங்கு இங்கே வளர்ந்ததுதான்.

வெட்டப்பட்ட காடு, மீண்ட காடு

இன்று பசுமையாகத் தெரியும் காட்டின் ஒரு பகுதி முப்பது ஆண்டுகளுக்கு முன் வெறும் உப்புத்தரை. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொத்தமாக வெட்டி விறகுக்கு எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் தானாகக் காடு முளைக்கும் என்பது கணக்கு. மலைக்காட்டில் அந்தக் கணக்கு ஓரளவு பலித்திருக்கலாம், இங்கே பலிக்கவில்லை. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் உலர்ந்து மண் அமுங்கி, வெட்டிய பகுதி நடுவே குழிந்து தாம்பாளம் போல ஆனது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அடுத்த ஏற்றம் இன்னும் கொஞ்சம் உப்பு. உப்பைத் தாங்கவே பிறந்த மரங்களும் முளைக்க முடியாத அளவுக்குத் தரை கரித்தது.

இதற்கு மருந்து நாற்று நடுவது இல்லை, நீரோட்டம் என்று கண்டுகொண்டது எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990களில் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து, குழிந்த பகுதிகளில் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களும் வெட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஏற்றநீர் முள்வழியே உள்ளே வந்து, வற்றத்தில் உப்பை வாரிக்கொண்டு வெளியே போனது. அதன் பிறகே நாற்று. மண்வெட்டி பிடித்தவர்களில் பலர் இந்தக் கரையோரக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். படகில் போகும்போது ஒரே உயரத்தில், ஒரே வயதில், நேர்கோட்டு வாய்க்காலை ஒட்டி மரங்கள் நின்றால் அது மனிதர் நட்ட பகுதி. இயற்கையான வாய்க்கால் இங்கே எங்கும் நேராகப் போகாது. சாதாரணப் பயணி கவனிக்காமல் கடந்துபோகும் இந்த நேர்கோடுகள்தான் பிச்சாவரத்தின் அருமையான காட்சி என்று சொன்னாலும் மிகையில்லை.

2022இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971இல் கையெழுத்தான, ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல் அது. பட்டியலில் சேர்ந்த பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர்.

மணல் திட்டும் கடலும்

காட்டின் கிழக்கு ஓரத்தில் சேறு முடிந்து மணல் தொடங்குகிறது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்மேடு. நீண்ட நேரப் படகுச் சவாரிகள் இந்தப் பக்கம் வருவதுண்டு. ஒரு பக்கம் காற்றே அசையாத வாய்க்கால்; மேட்டைக் கடந்து சில நிமிட நடையில் அலை மோதும் வங்கக் கடல். தீவு என்ற சொல்லுக்குப் பழகிய மனத்துக்கு நிறைவு தருவது இந்த இடம்தான். குளிக்க மட்டும் ஏற்றதல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய கடலில் இழுப்பு அதிகம். மணல் ஆண்டுக்காண்டு இடம் மாறும்.

இந்த மணல்மேட்டில் எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு என்று மீனவர் குடியிருப்புகள் இருந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை சுனாமி வந்தபோது அலைக்கும் இந்த ஊர்களுக்கும் இடையில் ஒரு மரமும் இல்லை. உயிர்ச்சேதம் கடுமையாக இருந்தது. பிழைத்தவர்கள் கரைப்பக்கம் குடியேறினார்கள். அதே நேரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. அந்த ஒப்பீட்டை வைத்துக் கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த கட்டுரை 2005இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்தது. அலையாத்தி மரங்கள் அலையைத் தணித்தன என்பது அதன் முடிவு. வேறு சிலர், ஊர்கள் தப்பியதற்குக் கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமும்தான் முக்கியக் காரணம் என்று மறுத்தார்கள். அந்த வாதம் அறிஞர்களிடையே முழுதாக ஓயவில்லை. கிள்ளைப் பக்கத்துக் குப்பங்களில் அந்த வாதம் கிடையாது; காடு காப்பாற்றியது என்பதே அங்கே பேச்சு. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று மரத்துக்குப் பெயர் வைத்த கடற்கரை இது.

சினிமாக்காரர்களுக்கு இந்த வாய்க்கால்கள் வெகுநாள் பழக்கம். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' 1975இல் வந்தது. அதன் படப்பிடிப்பு இங்கே நடந்ததைப் படகுக்காரர்கள் இன்றும் சவாரியோடு சேர்த்துச் சொல்வார்கள். மிஷ்கினின் 'துப்பறிவாளன்' (2017) படத்தின் இறுதிச் சண்டையும் இந்த வேர்களுக்கு நடுவேதான். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். எல்லா வாய்க்காலும் ஒரே மாதிரி இருப்பதால் படகுக்காரருக்கு அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

சுற்றுவட்டாரம்

படகு ஏறி இறங்க அரைநாள் போதும். மீதி நேரத்துக்குப் பக்கத்திலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

கிள்ளைக்கு மாசி மகத்தன்று வர வாய்த்தால் விடக்கூடாது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் அங்கிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு, முழுக்குத்துறைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். வழியில் கிள்ளை தைக்கால் தர்காவில் நிற்கிறார். முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள், கோயில் பக்கத்திலிருந்தும் தர்காவுக்கு மரியாதை போகிறது. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். மேடை போட்டு மத நல்லிணக்கம் பேசுகிறவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது.

வடக்கே வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம் என்று பொருள். முஸ்லிம் வணிகர்களிடம் அதற்கு மஹ்மூத் பந்தர் என்று இன்னொரு பெயர். 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் மோதியது இந்த ஊருக்கு வெளியே; கும்பினி வென்றது. இன்று ஊரின் அடையாளம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். பிச்சாவரத்தைப் பற்றி உலகம் அறிந்த அறிவியலில் பெரும்பகுதி இங்கிருந்து போனது.

சிதம்பரம் கோயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொன்வேய்ந்த கூரையின் 21,600 ஓடுகள், கோபுர வாயில்களில் 108 கரணச் சிற்பங்கள், 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி எல்லாம் தெரிந்தவை. பிச்சாவரம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கூடவே ஊரின் வடக்கு எல்லையில் இருக்கும் தில்லைக் காளி கோயிலுக்கும் போகலாம். சிவனிடம் ஆடலில் தோற்ற காளி ஊர் எல்லைக்குப் போய் அமர்ந்த கதை நடந்த களம், புராணத்தின்படி, தில்லை வனம்தான். காலையில் அந்த மரத்தைச் சேற்றில் பார்த்தவருக்குக் கதை வேறு மாதிரி புரியும். பசித்தால் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். சிதம்பரத்தில் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

தெற்கே கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் கொடியம்பாளையம் என்ற தீவுக் கிராமம் உண்டு. ஆட்சிக்கணக்கில் மயிலாடுதுறை மாவட்டம். பிச்சாவரத்துக்குப் பக்கத்து வீடு. கூட்டமில்லாத கடற்கரை வேண்டுகிறவர்களுக்கு ஏற்றது. திரும்பும் வழியில் பொழுது இருந்தால் கடலூர் தேவனாம்பட்டினம். கும்பினியார் 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கிய புனித டேவிட் கோட்டை அங்கேதான் இருந்தது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் கோட்டையோடு சேரும் என்பது அந்த விற்பனையின் நிபந்தனை. 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி இடித்துவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது சொற்பம். மக்கள் வருவது சில்வர் பீச்சின் காற்றுக்கு.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் படகில் வேண்டாம். வாய்க்காலில் விழுந்தது மூச்சுவேரில் சிக்கிக்கொண்டால் எந்த அலையும் அதை வெளியே கொண்டுபோகாது. தொப்பியும் குடிநீரும் கட்டாயம். எந்தக் கிளையையும் ஒடிக்கக் கூடாது. சுரபுன்னை என்று நினைத்து ஒடித்தது தில்லையாக இருந்தால் வினை வேறு. விடுமுறை நாட்களில் படகுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரலாம், வார நாள் நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஏழு மணிக்கு நிறைந்த வாய்க்கால் நாளை ஏழு ஐம்பதுக்குத்தான் நிறையும்.